தமிழில் கனவுருப்புனைவும் வாசகர் மதிப்பீடும்

கனவுருப்புனைவு என்பது இயற்கை விதிகளுக்கு உட்படாத நிகழ்வுகளைக் கதையின் அடிப்படையாகக் கொண்டு எழுதப்படும் புனைகதை வகையாகும். மாயம், மறுபிறவி, பேசும் விலங்குகள், தெய்வங்களின் நேரடி வருகை, காலத்தைக் கடந்து செல்லுதல் போன்றவை இவ்வகைக் கதைகளில் இடம்பெறும். இத்தகைய நிகழ்வுகளை இயக்கும் விசையாகக் காதல் அமையும்போது அக்கதை காதற் கனவுருப்புனைவு எனப்படுகிறது.

தமிழில் இவ்வகை நூல்களுக்குப் பெரும் வாசகர் கூட்டம் தொடர்ந்து இருந்து வந்துள்ளது. ஆயினும் திறனாய்வாளர்களில் ஒரு சாரார் இவற்றை இலக்கியமாக ஏற்கத் தயங்கியுள்ளனர். இவ்விரு தரப்பின் மதிப்பீடுகளும், அவற்றுக்கு அடிப்படையான காரணங்களும், இம்மரபில் திருப்பூர் உள்ளிட்ட கொங்குப் பகுதி பெறும் இடமும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பெயரும் வரையறையும்

இவ்வகையைக் குறிக்க மிகுபுனைவு, மாயப்புனைவு, பேன்டசி ஆகிய சொற்களும் வழங்குகின்றன. அறிவியலின் துணைகொண்டு வியப்பை விளக்க முற்படும் கதை அறிவியல் புனைவு எனப்படுகிறது. அன்றாட வாழ்வின் நடுவே மாயம் இயல்பாக நிகழ்வதாகக் காட்டும் கதை மாய யதார்த்தம் எனப்படுகிறது. இவற்றுக்கு இடையிலான எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை.

தொன்மக் கதைகளையும் வழிபாட்டுக் கதைகளையும் கனவுருப்புனைவு என்று கூறுவது பொருந்தாது. அவற்றைக் கேட்போர் அவை நிகழ்ந்தவை என்று நம்புகின்றனர். கனவுருப்புனைவைப் படிப்பவரோ அது புனையப்பட்டது என்பதை அறிந்தே படிக்கிறார். அறிந்தும் அவர் அதில் ஈடுபட வேண்டுமானால் அக்கதை சில கடமைகளை நிறைவேற்ற வேண்டும். வாசகர் மதிப்பீடு பெரும்பாலும் இக்கடமைகளைப் பற்றியதாகவே இருக்கிறது.

பிரெஞ்சு மொழியில் எழுதிய திறனாய்வாளர் திசுவெத்தான் தொதொரோவ் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு மற்றொரு அளவுகோலை முன்வைத்தார். நிகழ்ந்தது மாயமா, மனமயக்கமா என்று வாசகர் முடிவு செய்ய இயலாமல் தயங்கும் நிலையே விசித்திரப் புனைவின் உயிர்நிலை என்பது அவர் கருத்தாகும்.

வேதாளத்தின் கேள்வி

தமிழ் வாசகருக்கு நெடுங்காலமாக அறிமுகமான கனவுருக் கதைத் தொகுதிகள் விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் ஆகும். இவை 'பெரிய எழுத்து' நூல்களாக மலிவு விலையில் அச்சிடப்பட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கமாக இருந்தது.

விக்கிரமாதித்தன் கதையின் ஒரு பகுதியான வேதாளக் கதைகளின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. மன்னன் முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தைத் தோளில் சுமந்து வருகிறான். வழியில் வேதாளம் ஒரு கதையைச் சொல்லி, அதன் முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் மன்னன் கூறாவிட்டால் அவன் தலை வெடித்துவிடும். கூறினால் மௌனம் கலைந்து, வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிவிடும். இவ்வாறு ஒவ்வொரு கதையும் கேட்பவரிடம் ஒரு தீர்ப்பை வேண்டி நிற்கிறது. கதையைப் பற்றி வெளிப்படையாகக் கருத்துக் கூறுவது இம்மரபில் கதைக்கு வெளியே நிகழும் செயலன்று. கதை முடிவதற்கே அது தேவைப்படுகிறது.

இக்கதைகளுள் தலை மாறிய கதை புகழ்பெற்றதாகும். ஒரு பெண்ணின் கணவனும் அவளுக்கு வேண்டிய மற்றொரு ஆடவனும் தெய்வத்தின் முன் தங்கள் தலைகளை வெட்டிக்கொள்கின்றனர். தெய்வம் அருள்புரிய, அப்பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இருவரும் உயிர் பெறுகின்றனர். இவர்களுள் கணவன் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. உடலுக்குத் தலையே முதன்மையானது. ஆதலால் கணவனின் தலையை உடையவனே கணவன் என்று மன்னன் விடை கூறுகிறான்.

இவ்விடை பிற்காலப் படைப்பாளிகளுக்கு நிறைவளிக்கவில்லை. செருமானிய எழுத்தாளர் தாமசு மான் இக்கதையை 1940ஆம் ஆண்டில் குறும்புதினமாக்கினார். அதனைத் தழுவிக் கிரீஷ் கர்னாட் 1971இல் 'ஹயவதனா' என்னும் கன்னட நாடகத்தை எழுதினார். மன்னனின் தீர்ப்பில் அந்தப் பெண் என்ன விரும்பினாள் என்ற வினா எழுப்பப்படவில்லை. கர்னாட்டின் நாடகத்தில் அவளது விருப்பமே மையமாகிறது. காதற் கனவுருப்புனைவைப் பற்றி இன்றைய வாசகர் எழுப்பும் முதன்மையான கேள்வியும் இதுவே.

புதினங்களில் கனவுரு

தமிழின் முதல் புதினமாகக் கருதப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. இது அக்காலச் சமூகத்தைச் சித்திரிக்கும் நூலாயினும், நாட்டார் கதையின் கூறுகளையும் கொண்டுள்ளது. கதைத்தலைவி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் செல்லும்போது பட்டத்து யானை அவளுக்கு மாலையிட, அவள் விக்கிரமபுரியின் அரசனாகிறாள். ஆணாகவே அனைவராலும் கருதப்பட்டு அவள் நல்லாட்சி நடத்துகிறாள். அக்காலச் சூழலில் ஒரு பெண் ஆட்சி செய்வதைக் காட்ட ஆசிரியருக்குக் கனவுருக் கதையின் வழி தேவைப்பட்டது எனலாம்.

கல்கியின் வரலாற்றுப் புதினங்கள் பரவலாக அறியப்பட்டவை. அவர் எழுதிய இரு குறும்புதினங்கள் காதற் கனவுருப்புனைவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளாகும். 1947ஆம் ஆண்டின் 'சோலைமலை இளவரசி'யில், 1942 ஆகத்துப் போராட்டத்தில் ஈடுபட்டுக் காவலரிடமிருந்து தப்பிய குமாரலிங்கம் பாழடைந்த கோட்டையொன்றில் மறைந்திருக்கிறான். அங்கே அவனுக்கு முற்பிறவி நிகழ்வுகள் கனவாகத் தோன்றுகின்றன. அப்பிறவியில் அவன் மாறனேந்தல் இளவரசன். சோலைமலை இளவரசி மாணிக்கவல்லி அவன் காதலி. இப்பிறவியில் அவனுக்கு உணவளிக்கும் பொன்னம்மாளிடம் அவன் அந்த இளவரசியைக் காண்கிறான். ஆங்கிலேயருக்கு எதிரான இரு காலப் போராட்டங்களும் ஒரே காதலின் வழியாக இணைக்கப்படுகின்றன.

1950ஆம் ஆண்டின் 'மோகினித் தீவு', இரண்டாம் உலகப்போரின்போது பர்மாவிலிருந்து கப்பலில் தப்பி வந்த ஒருவன் வழியில் ஒரு தீவில் கண்ட விந்தையைக் கூறுகிறது. அங்கே அவன் சந்திக்கும் அழகிய தம்பதியர் சோழ, பாண்டிய அரச குலங்களைச் சேர்ந்த இருவரின் காதல் கதையை அவனுக்குச் சொல்கின்றனர். கதை சொல்லும் உரிமை ஆணுக்கு மட்டும் தரப்படாமல் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுவது இதன் சிறப்பாகும்.

சாண்டில்யன் (1910–1987) குமுதம் இதழில் எழுதிய 'யவன ராணி', 'கடல் புறா' முதலிய தொடர்கதைகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இவற்றில் மாயம் குறைவு. வீரமும் காதலும் மிகுதி. எனினும் வரலாற்றுச் சான்றுகள் அருகிய இடங்களை ஆசிரியர் தம் கற்பனையால் நிரப்புவதால், வாசகர் அடையும் அனுபவம் கனவுருப்புனைவுக்கு நெருக்கமானதாகவே உள்ளது.

புதுமைப்பித்தன் சிறுகதைகளில் கனவுருவை வேறு நோக்கில் கையாண்டார். 1943ஆம் ஆண்டின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து, கந்தசாமிப் பிள்ளை நடத்தும் மருத்துவ இதழுக்குச் சந்தாதாரராகிறார். அதே ஆண்டின் 'காஞ்சனை'யில் வீட்டுக்கு வந்த பணிப்பெண் பேயா, கதைசொல்லியின் மனமயக்கமா என்பது இறுதிவரை தீர்க்கப்படவில்லை. தொதொரோவ் கூறிய தயக்கத்துக்கு இக்கதை தமிழின் தெளிவான சான்றாகும்.

இதற்கு நேர்மாறான வழியை இந்திரா சௌந்தர்ராஜன் (இறப்பு: 2024) பின்பற்றினார். அவர் கதையில் உருவான 'மர்ம தேசம்' தொலைக்காட்சித் தொடர் 1990களில் புகழ்பெற்றது. அதன் 'விடாது கருப்பு' பகுதியில், குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்பின் செயல்களுக்கு இறுதியில் உளவியல் விளக்கம் தரப்படுகிறது. இத்தகைய விளக்கம் சிலருக்கு நிறைவளிக்கிறது. கதை கட்டியெழுப்பிய அச்சத்தை அது கலைத்துவிடுவதாகச் சிலர் கருதுகின்றனர்.

திறனாய்வாளர் நிலைப்பாடு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்த் திறனாய்வு பெரிதும் நடப்பியலைச் சார்ந்து வளர்ந்தது. க. நா. சுப்ரமண்யம் இதழ்த் தொடர்கதைகளின் செல்வாக்கைக் கடுமையாக எதிர்த்தார். அவரது 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூல், தாம் விரும்பிய நூல்களை ஒரு வாசகராக நின்று மற்ற வாசகருக்கு அறிமுகப்படுத்தும் முறையில் அமைந்தது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் திறனாய்வுக்கு முதன்மை இடம் அளித்தது. ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டின் 'தமிழ் நாவல் இலக்கியம்' நூலில் புதினத்தின் தோற்றத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தார்.

வேறுபட்ட கொள்கைகளைக் கொண்டிருந்த போதிலும், மனிதர் வாழும் உண்மையான நிலைமைகளைப் புதினம் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இவர்களிடையே பொதுவாகக் காணப்பட்டது. இந்த அளவுகோலில் கனவுருப்புனைவு 'தப்பித்தல்' இலக்கியமாகக் கருதப்பட்டது. பழம்பெருமையில் மயங்கச் செய்தல், கூட்டல் கழித்தல் இல்லாத நல்லவர் கெட்டவர் பிரிவு, சாதியையும் உழைப்பையும் மறைத்தல் ஆகியன அதன்மீது சாட்டப்படும் குற்றங்களாகும்.

இதற்கு மறுமொழியாக ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கருத்து அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. 1939ஆம் ஆண்டில் ஆற்றிய உரையில் அவர், சிறைப்பட்டவன் விடுதலையை எண்ணுவதையும் போர்க்களத்திலிருந்து வீரன் ஓடிப்போவதையும் ஒன்றாகக் கருதுவது தவறு என்ற பொருள்பட வாதிட்டார். எதிலிருந்து தப்பிக்க முற்படுகிறது, எங்கே கொண்டு சேர்க்கிறது என்பவற்றைக் கொண்டே ஒரு கதையை மதிப்பிட வேண்டும் என்பது இவ்வாதத்தின் சாரம்.

வாசகர் முன்வைக்கும் குறைகள்

கனவுருப்புனைவை விரும்பிப் படிப்போரும் அதன் குறைகளை அறியாதவர் அல்லர். 'இப்படி நடக்குமா' என்ற கேள்வியை அவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர்கள் சுட்டும் குறைகள் பின்வரும் நான்கு வகைகளில் அடங்கும்.

விதி மீறல்: மாய உலகுக்கும் விதிகள் உண்டு. வேதாளம் எத்தனை முறை பிடிபட்டாலும், மன்னன் பேசினால் மட்டுமே தப்ப இயலும். இந்த விதி மாறாததால்தான் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஆவல் பிறக்கிறது. நாயகன் சிக்கலில் மாட்டும்போதெல்லாம் முன்பு சொல்லப்படாத புதிய ஆற்றல் தோன்றுமானால், வாசகருக்கு அவனைப் பற்றிய கவலை நீங்கிவிடுகிறது. கவலை நீங்கிய இடத்தில் ஈடுபாடும் நீங்குகிறது.

விலையில்லா வரம்: மறுபிறவியோ மந்திரமோ எதையும் இழக்காமல் கிடைக்குமானால் அதற்கு மதிப்பில்லை. 'சோலைமலை இளவரசி'யில் முற்பிறவி நினைவு குமாரலிங்கத்துக்கு வரமாக மட்டும் அமையவில்லை. நடப்பு வாழ்விலிருந்து அவனைப் பிரிக்கும் சுமையாகவும் அமைகிறது. இதனாலேயே அக்குறும்புதினம் எளிய கனவாக முடிந்துவிடவில்லை.

காதலியின் விருப்பம்: காதற் கனவுருப்புனைவில் காதல் பெரும்பாலும் ஊழ்வினையாகக் காட்டப்படுகிறது. முற்பிறவியில் இணைந்தவர் இப்பிறவியிலும் இணைந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், பெண்ணின் இசைவு தேவையற்றதாகிவிடுகிறது. வரலாற்றுத் தொடர்கதைகளில் பெண்ணின் உடலழகு பக்கக்கணக்கில் வருணிக்கப்படுவதும், ஒரே வீரனைப் பல பெண்கள் விரும்புவதும் இதனோடு சேர்ந்த குறைகளாகும். 'கடல் புறா'வின் நாயகனை காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் காதலிக்கின்றனர். இதனை அக்கால அரசர் வழக்கம் என்று ஏற்கும் வாசகரும் உளர்; அப்பெண்களின் மனநிலை போதிய அளவு ஆராயப்படவில்லை என்று குறைகூறும் வாசகரும் உளர்.

நீளம்: வார இதழ்த் தொடராக எழுதப்பட்ட கதைகளில் ஒவ்வொரு இயலின் முடிவிலும் ஒரு திருப்பம் தேவைப்பட்டது. வாரம் ஓர் இயலாகப் படித்தவருக்கு இது சுவையளித்தது. அதே கதையை நூலாகத் தொடர்ந்து படிக்கும்போது திருப்பங்கள் சலிப்பூட்டுகின்றன. முன்கதைச் சுருக்கங்கள் மிகையாகத் தோன்றுகின்றன. ஆகவே ஒரே கதையைப் பற்றி இரு தலைமுறை வாசகர் மாறுபட்ட கருத்துக் கொள்வது இயல்பே.

திருப்பூர் வட்டாரமும் கனவுரு மரபும்

திருப்பூர் மாவட்டம் 2009ஆம் ஆண்டில் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. பின்னலாடைத் தொழிலால் அறியப்படும் இவ்வட்டாரம் தமிழ்ப் புனைவின் இரு வேறு போக்குகளுக்கும் பங்களித்துள்ளது.

வேதாளத்துக்குத் தமிழ்ச் சிறுவர் மனத்தில் நிலையான உருவம் அளித்த ஓவியர் கே. சி. சிவசங்கரன் (1924–2020) தாராபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற இவர், 'கலைமகள்' இதழில் பணியாற்றிய பின் 1952இல் 'அம்புலிமாமா'வில் சேர்ந்தார். பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய அவ்விதழ் தமிழ், தெலுங்கு உட்படப் பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. உருவிய வாளுடன், தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன் படம் 'சங்கர்' என்ற பெயரில் அவர் வரைந்ததாகும். மூலத்தில் உள்ள 25 கதைகள் தீர்ந்த பின்னும், அதே அமைப்பில் புதிய கதைகள் எழுதப்பட்டு இதழ்தோறும் வெளிவந்தன. 2010களில் இதழ் நின்று போகும்வரை வேதாளத்தின் கேள்விகள் தொடர்ந்தன. சிவசங்கரனுக்கு இறப்புக்குப் பின் 2021ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

காங்கேயம் பகுதியில் அண்ணன்மார் சாமி கதை உடுக்கைப் பாட்டாகப் பாடப்படுகிறது. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் கதையான இதில், கொம்பன் என்னும் பேராற்றல் கொண்ட பன்றியும், மாண்ட அண்ணன்மாரை எழுப்பும் தங்கை தங்காளும் இடம்பெறுகின்றனர். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையைப் பதிவு செய்தார். மு. கருணாநிதி இதனைப் 'பொன்னர் சங்கர்' என்னும் புதினமாக எழுதினார். அது 2011இல் திரைப்படமானது. பாடப்படும் கதை வழிபாட்டுக்குரியது. எழுதப்பட்ட புதினம் வாசகரின் மதிப்பீட்டுக்குரியது. ஒரே கதை நம்பிக்கையிலிருந்து புனைவுக்கு நகர்வதை இங்குக் காணலாம்.

மறுபுறம், 1942இல் வெளிவந்த 'நாகம்மாள்' என்னும் முன்னோடி வட்டாரப் புதினத்தை எழுதிய ஆர். சண்முகசுந்தரமும் இவ்வட்டாரத்தவரே. நிலத்தில் பங்கு கேட்கும் கைம்பெண்ணின் கதையான இது, வரமோ மாயமோ இன்றி நடக்கிறது. பிற்காலத்தில் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' முதலிய புதினங்களில் சாயக்கழிவால் நொய்யல் ஆறு அடைந்த நிலையையும் தொழிலாளர் வாழ்வையும் எழுதினார். அவர் நடத்திய சிற்றிதழின் பெயர் 'கனவு' என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இவ்விரு போக்குகளுள் எது இவ்வட்டார வாசகருக்குப் பயனுடையது என்ற வினா வெறும் கொள்கை வினா அன்று. பின்னலாடை நிறுவனங்களில் எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்டு 'ஒன்றரை ஷிப்ட்' வேலை செய்வது பழக்கமான ஒன்று. அவ்வாறு உழைப்பவருக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் சிறிது. பேருந்து நிலையக் கடைகளில் விற்கப்படும் மலிவு விலை மாத நாவல்கள் அந்நேரத்துக்கு ஏற்ற அளவில் அமைந்தவை. பகல் முழுதும் கண்ட தொழிற்கூடத்தை இரவில் நூலிலும் காண ஒருவர் விரும்பாமல் இருப்பதைக் குறையாகக் கொள்ள இயலாது. அதே வேளையில், தம் வாழ்வு ஒருபோதும் அச்சில் வராது என்று எண்ணியிருந்தவருக்கு அதனை நூலில் காண்பது பெரும் வலிமையாகவும் அமையலாம்.

காதற்புனைவின் வழக்கமான முடிவாகிய திருமணமும் இவ்வட்டாரத்தில் பொருளாதாரத் தொடர்புடையது. மேற்குத் தமிழகத்து நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' போன்ற பெயர்களில் இளம்பெண்கள் சுமார் மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்து, இறுதியில் திருமணச் செலவுக்கென மொத்தத் தொகை பெறும் முறை இருந்தது. தொழிலாளர் உரிமை அமைப்புகள் இதனைக் கடுமையாகக் கண்டித்தன. இச்சூழலை அறிந்த வாசகர், 'ஊழால் இணைந்தனர்' என்று முடியும் கதையில் அப்பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததா என்று கேட்பது நியாயமானதே.

பிற்காலப் புதினங்கள்

1980களுக்குப் பின் கனவுரு தீவிர இலக்கியத்தின் உத்தியாகவும் ஏற்கப்பட்டது. தமிழவனின் 'ஏற்கெனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985) தமிழில் மாய யதார்த்த முறையைக் கையாண்ட தொடக்கநிலைப் புதினங்களுள் ஒன்று.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் வெளிவந்தது. பேருருவம் கொண்ட விஷ்ணு சிலையைச் சுற்றி அமைந்த ஒரு கற்பனைக் கோயில் நகரம் இதன் களமாகும். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்னும் மூன்று பகுதிகளில் மூன்று காலங்கள் பேசப்படுகின்றன. ஒரு காலத்தில் காதற் பித்தாக இருந்த திருவடியின் வாழ்வு, பிற்காலத்தில் ஆழ்வாரின் புனித வரலாறாக மாறிவிடுகிறது. காதல் எவ்வாறு தொன்மமாகிறது என்பதைக் காட்டுவதன் மூலம் இப்புதினம் கனவுருவையே ஆராய்ச்சிக்கு உட்படுத்துகிறது. இதன் நீளமும் தத்துவ விவாதங்களும் வாசகருக்குக் கடினமானவை என்ற குறை உண்டு. எனினும் இதன் பெயரால் 2009இல் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் என்னும் வாசகர் அமைப்பு உருவானது. அவ்வமைப்பு 2010 முதல் எழுத்தாளர்களுக்கு விருது வழங்கி வருகிறது. ஒரு கனவுரு நகரின் பெயரை வாசகர் தம் கூட்டமைப்புக்குச் சூட்டிக்கொண்டது அப்புதினம் பெற்ற ஈடுபாட்டைக் காட்டுகிறது.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) வேறு வகையான தேவையிலிருந்து பிறந்தது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட அவரது 'மாதொருபாகன்' (2010) புதினத்துக்கு எழுந்த எதிர்ப்பால், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் 2015 சனவரியில் அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் வெளிவந்த 'பூனாச்சி'யின் தலைவி ஒரு கறுப்பு வெள்ளாடு. ஆடுகளையும் பதிவு செய்து காதில் அடையாளம் இடும் அரசு, அதற்கு அஞ்சி வரிசையில் நிற்கும் உழவர், பஞ்சம் ஆகியவை இதில் வருகின்றன. பூனாச்சி பூவன் என்னும் கிடாயை விரும்புகிறாள். ஆனால் அவளது இணையையும் பிரிவையும் மனிதரின் தேவையே தீர்மானிக்கிறது.

மனிதரைப் பற்றி நேராக எழுத இயலாத நிலையில் விலங்கின் கதை வழியாக எழுதப்பட்ட இப்புதினம், கனவுருப்புனைவு என்றாலே தப்பித்தல் என்ற கருத்தை வலுவிழக்கச் செய்கிறது. அத்துடன், வேதாளக் கதையில் கேட்கப்படாத பெண்ணின் விருப்பம் இங்கே ஓர் ஆட்டின் விருப்பமாகக் கேட்கப்படுகிறது.

மொழிபெயர்ப்புகளும் புதிய வாசகரும்

21ஆம் நூற்றாண்டில் பிறமொழிக் கனவுருப்புனைவுகளும் தமிழில் கிடைக்கின்றன. ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையும், அமீஷின் 'மெலூஹாவின் அமரர்கள்' முதலியனவும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் சாரா ஜே. மாஸ், ரெபெக்கா யாரோஸ் ஆகியோரின் நூல்களால் காதற் கனவுருப்புனைவு 2020களில் தனி விற்பனைப் பிரிவாகவே வளர்ந்தது. இவற்றில் பெண்ணே கதைத்தலைவியாகவும் போரிடுபவளாகவும் அமைகிறாள். ஆயினும் பலநூறு ஆண்டு வாழ்ந்த பேராற்றல் கொண்ட ஆடவனை இளம்பெண் காதலிப்பது, ஆதிக்கம் செலுத்துவதைக் காதலாகக் காட்டுவது, ஒரே அச்சில் வார்த்த கதைகள் மிகுவது ஆகியவை குறித்து வாசகரிடையே வெளிப்படையான குறைகூறல் உண்டு. ஊழால் விதிக்கப்பட்ட காதலில் இசைவுக்கு இடம் எங்கே என்ற கேள்வி இங்கும் எழுகிறது.

தமிழில் 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற தளங்களில் மறுபிறவிக் காதல், பேய்க் காதல், காலப்பயணக் காதல் ஆகிய கருக்களில் தொடர்கதைகள் எழுதப்படுகின்றன. இவற்றை எழுதுவோரிலும் படிப்போரிலும் பெண்கள் மிகுதி. வார இதழ்த் தொடர்களின் முறை இங்கு மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. வாசகர் ஒவ்வொரு இயலுக்கும் உடனுக்குடன் கருத்துத் தெரிவிப்பதும், அக்கருத்து எழுதுபவரை எட்டுவதும் இதன் தனித்தன்மையாகும். கதை முடியும் முன்பே கேட்பவரின் தீர்ப்பை வேண்டிய வேதாளக் கதை மரபுக்கு இம்முறை நெருக்கமானது.

இவற்றையும் பார்க்க

விக்கிரமாதித்தன் கதை
அம்புலிமாமா
அண்ணன்மார் சாமி கதை
மோகினித் தீவு
விஷ்ணுபுரம் (புதினம்)
மாய யதார்த்தம்